கிணற்றில் ஒருவர்

உங்கள் வாசலில் மாட்டியிருக்கும் தீயணைப்பான் காலாவதியாகி ஏழு மாதமாகிறது, மேடம். உள்ளே வரும்போதே பார்த்துவிட்டேன். பதினாறு வருடப் பழக்கம், சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கும் பின்கால் ஒன்று ஆடுகிறது. ஒரு அட்டையை நாலாக மடித்து வைத்தால் போதும். சரி, என் கதைக்கு வருகிறேன். நீங்கள் எழுத எழுத நான் நிதானமாகவே சொல்கிறேன்.

நான் சமையல் எண்ணெய் ஆலையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். ஹெல்மெட் போடாதவனைத் துரத்துவது, வழுக்கும் தரையில் மணல் கொட்டச் சொல்வது, ஏணியின் கீழ் நின்று கத்துவது, இதுதான் வேலை. எதைக் கேட்டாலும் முதலில் ‘வேண்டாம்’ என்றுதான் சொல்வேன் என்பதால் ஆலையில் எனக்கு ‘வேண்டாம் அக்கா’ என்று பெயர். ஆலை வாசலில் ‘விபத்தில்லாத நாட்கள்’ என்று ஒரு பெரிய பலகை உண்டு. தினமும் காலை எட்டு மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி எண்ணை மாற்றுவது நான்தான். அந்தப் புதன்கிழமை காலை ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. எங்கள் மேனேஜருக்கு அதில் ஒரு பங்கும் இல்லை, ஆனால் வருகிறவர்களிடம் எல்லாம் தானே உட்கார்ந்து அடைகாத்த மாதிரி காட்டுவார்.

என் லேப்டாப்பில் இருந்த விளையாட்டைப் பற்றிக் கேட்டீர்கள். நாற்பத்து மூன்று வயதுப் பெண்பிள்ளை பேய் விளையாட்டு விளையாடுகிறாளா என்று உங்களோடு வந்த தம்பி சிரித்தார். சிரிக்கட்டும், நானும் முதலில் சிரித்தவள்தான். என் தங்கை கல்யாணமாகி மாடிவீட்டுக்குக் குடிபோன பிறகு, ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் எனக்குப் பொழுதே போகவில்லை. அம்மா இறந்தபோது சின்னவளுக்கு ஐந்து வயது, எனக்குப் பதினேழு. அன்றிலிருந்து அவள் தலையை நான்தான் வாரினேன். மாடிக்கும் கீழுக்கும் பதினெட்டுப் படிதான், ஆனாலும் தூரம் தூரம்தானே. அப்போது மாப்பிள்ளைதான் ஒருநாள் இறங்கி வந்து, “அக்கா, நாலு பேர் ஆடுற ஆட்டம், ஒரு ஆள் குறையுது, வர்றீங்களா?” என்று கேட்டார். நான் வழக்கம்போல ‘வேண்டாம்’ என்றேன். பத்து நிமிடத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அலறிக்கொண்டிருந்தேன்.

ஆட்டம் இதுதான். ஒரு பழைய பங்களா. ஓடுகிறவர்கள் நாலு பேர், துரத்துகிற பேய் ஒன்று. பேயாக ஆடுவது எங்கோ உட்கார்ந்திருக்கும் முகம் தெரியாத யாரோ. நாங்கள் பங்களாவுக்குள் ஐந்து விளக்கை ஏற்ற வேண்டும், ஏற்றிவிட்டால் வாசல் திறக்கும். பேய் பிடித்தால் உங்களைக் கொண்டுபோய்ப் பின்கட்டில் இருக்கும் கிணற்றில் இறக்கிவிடும். ஒரு நிமிடம்தான் நேரம். அதற்குள் உடன் ஆடுகிறவர் யாராவது வந்து ராட்டினத்தைச் சுற்றித் தூக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் மூடிவிடும். யாராவது பிடிபட்டால் நாங்கள் ஹெட்போனில் கத்துவது ஒரே வாக்கியம்தான்: “கிணத்துல ஒருத்தர்!” அதைக் கேட்டதும் பக்கத்தில் இருப்பவர் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். அது எங்கள் குழுவின் சட்டம். நான், சின்னவள், மாப்பிள்ளை, எதிர் வரிசையில் முடிவெட்டும் கடை வைத்திருக்கும் பெரியவர். அவரைக் கத்திரி என்போம், கோபித்துக்கொள்ள மாட்டார்.

பேய்கள் ஒரே மாதிரி இல்லை, அங்கேதான் சுவாரஸ்யமே. முதலில் எங்களுக்கு வாய்த்தவன் காதுகாரன். கண் கிடையாது, காலடி ஓசை மட்டும் கேட்கும். ஒரு மாதம் அவனிடம் உதைபட்டோம். பிறகு நான்தான் கண்டுபிடித்தேன், அவன் அருகில் வரும்போது ஓடவே கூடாது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து மெதுவாக நகர்ந்தால் நம்மை உரசிக்கொண்டு போனாலும் அவனுக்குத் தெரியாது. நூல்காரி என்று ஒருத்தி, வாசல்படி ஒன்று விடாமல் நூல் கட்டிவைப்பாள், தொட்டால் ஓடி வந்துவிடுவாள். அவளிடம் வாசலையே மறந்துவிட்டு ஜன்னல் வழியாக மட்டும் போக வேண்டும். பொம்மை என்று ஒன்று, யாராவது பார்த்துக்கொண்டே இருந்தால் அசையாது, கண்ணை எடுத்தால் கழுத்தைப் பிடிக்கும். அதற்குக் கத்திரிதான் சரியான ஆள். முப்பது வருடம் அடுத்தவர் பிடரியையே பார்த்தவர், கண் கொட்டாமல் நிற்பார், நாங்கள் மூன்று பேரும் ஜாலியாக விளக்கேற்றுவோம். “எனக்குக் கழுத்து வலிக்குதும்மா, சீக்கிரம் ஏத்துங்க” என்று அவர் புலம்புவதும், சின்னவள் சிரித்துச் சிரித்து இருமுவதும், அந்த மதியங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

நாலாவது பேய் காவல்காரன். இவனுக்கு வேகம் கிடையாது, தந்திரமும் கிடையாது. ஒருவரைப் பிடித்துக் கிணற்றில் இறக்குவான், பிறகு அங்கேயே சுவரோடு சுவராக நிற்பான். தூக்கிவிட வருகிறவரைப் பிடிப்பான். அடுத்து வருகிறவரையும் பிடிப்பான். இவனை முறியடிக்க ஒரே வழிதான் உண்டு. கிணற்றில் இருப்பவரை விட்டுவிட வேண்டும். மற்ற மூன்று பேரும் அந்த நேரத்தில் விளக்கை ஏற்றித் தப்பிக்க வேண்டும். கேட்கக் கொடூரமாக இருக்கும், ஆனால் எங்கள் ஆலையில் நான் வருடத்துக்கு நாலு தடவை நடத்துகிற வகுப்பிலும் இதைத்தான் சொல்கிறேன். எண்ணெய் கெடாமல் இருக்கத் தொட்டிகளில் காற்றை வெளியேற்றிவிட்டு நைட்ரஜன் நிரப்பிவைப்போம். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. உள்ளே ஒருவன் விழுந்து கிடந்தால் அப்படியே இறங்காதே, முதலில் முகமூடியையும் காற்று சிலிண்டரையும் மாட்டு, இல்லாவிட்டால் நீயும் அவன் மேல் விழுவாய் என்று தொண்டை வறளச் சொல்வேன்.

நீங்கள் எடுத்துவைத்திருக்கும் பச்சை நோட்டு அந்த ஆட்டத்துக்காகப் போட்டது. ஒவ்வொரு பேய்க்கும் ஒரு பக்கம், அதன் பலம், பலவீனம், எங்கே திரும்பும், எதற்கு ஏமாறும். ஆடிப் பழகியதில் எனக்கு ஒன்று புரிந்தது. பேயின் உருவம் என்னவாக இருந்தாலும் ஆடுகிற கை ஒன்றுதான், அதன் பழக்கம் மாறுவதே இல்லை. இது வெளியிலும் எனக்கு நன்றாக உதவியது. எங்கள் மேனேஜர் நூல்காரி வகை, எதற்கும் ஒரு படிவம், எந்தப் படிவத்துக்கும் மூன்று கையெழுத்து. நான் அவர் அறைக்குப் போவதை நிறுத்திவிட்டு, அவர் வண்டியை எடுக்கும் நேரம் பார்த்து நிறுத்துமிடத்தில் போய் நிற்க ஆரம்பித்தேன். மூன்று வருடமாகக் கிடைக்காத கையுறைகள் ஒரே வாரத்தில் வந்தன. மாடிப்படிக்கு விளக்குப் போடாத வீட்டுக்காரர் பொம்மை வகை, பார்த்துக்கொண்டே நின்றால்தான் வழிக்கு வருவார். இப்படி ஆளுக்கொரு பக்கம் எழுதினேன். கடைசியில் என் குழுவுக்கும் எழுதினேன், அதில் தவறொன்றும் இல்லையே. கத்திரிக்கு, ‘எப்போதும் வலப்பக்கம் திரும்புவார்.’ சின்னவளுக்கு, ‘பயந்தால் அலமாரிக்குள் ஒளிவாள், பாதுகாப்பு என்று தெரிந்த பிறகும் சீக்கிரம் வெளியே வர மாட்டாள்.’ மாப்பிள்ளையின் பக்கத்தில் ஒரே ஒரு சொல்தான். ‘வருவார்.’

அவர் வருவார், மேடம். அதுதான் அவருடைய ஆட்டம். காதுகாரனாக இருந்தாலும் காவல்காரனாக இருந்தாலும், ‘கிணத்துல ஒருத்தர்’ என்று காதில் விழுந்தால் எரியப்போகிற விளக்கை அப்படியே விட்டுவிட்டு ஓடிவருவார். பக்கத்தில் பேய் நிற்கிறதா என்று எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். எத்தனை முறை திட்டியிருப்போம். தலைகீழாக நின்று சொன்னாலும் ஏறாது.

ஒன்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஆட்டத்தில் விரும்பினால் நாமே பேயாகவும் ஆடலாம். நான் நாலு வருடத்தில் ஒருதடவைகூடப் பேயாக ஆடியதில்லை. எனக்கு அந்தச் சுபாவம் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளையும் எங்கள் ஆலையில்தான் ஃபிட்டர், வேலைக்குச் சொல்லிவிட்டதே நான். போன மாதம் அவருக்கு வெளிநாட்டில் ஓர் ஆலையில் ஃபோர்மேன் வேலை கிடைத்தது. இரண்டு பேருக்கும் விசா. மாதக் கடைசியில் விமானம். எனக்கு இதைச் சொன்னது கத்திரி, முடிவெட்டிக்கொள்ளும்போது மாப்பிள்ளை உளறிவிட்டாராம். அன்று நான் சாப்பிடவில்லை. அழுதேன், அதை மறைக்க வேண்டியதில்லை. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு யோசித்தேன். மேனேஜரை வண்டி நிறுத்துமிடத்தில் பிடித்து, நல்ல ஃபிட்டரை விடாதீர்கள் என்றேன். அவர் அதற்கு முதல்நாளே கையெழுத்துப் போட்டிருந்தார். எனக்கு உடம்பு சரியில்லை என்றேன், மாப்பிள்ளையே தோளில் தாங்கி டாக்டரிடம் கூட்டிப்போனார், டாக்டர் நான் குதிரை மாதிரி இருக்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கடைசியில் சின்னவளிடமே கேட்டேன். மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஒரு துணிக்கு ஒரு கிளிப்தான் போடுகிறாள், காற்றடித்தால் பறக்கும் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

“உன் வீட்டுக்காரர் பேச்சைக் கேட்டு ஆடாதடி” என்றேன்.

“அவரை ஏன்க்கா சொல்ற? நான்தான் அப்ளிகேஷன் போடச் சொன்னேன். ரெண்டு வருஷமா சொல்லிட்டு இருக்கேன்.”

“இங்க உனக்கு என்ன குறை?”

“குறையெல்லாம் ஒண்ணும் இல்ல.” அடுத்த துணியை உதறினாள். “எனக்குக் கொஞ்சம் மூச்சு விடணும் போல இருக்குக்கா. அவ்ளோதான்.”

அந்த வீட்டில் அறைக்கு இரண்டு ஜன்னல், மேடம். காற்றோட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து வாடகைக்குப் பிடித்துக் கொடுத்ததே நான். ஆகவே அது அவளுடைய பேச்சு இல்லை என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆட்டத்தில் சில சமயம் ஒருவருடைய கணக்கில் இன்னொருவர் உட்கார்ந்து ஆடுவார், பெயர் ஒன்றாக இருக்கும், கை வேறாக இருக்கும். எனக்குச் சின்னவளின் கை தெரியும். இருபத்தாறு வருடமாகப் பிடித்து நடந்த கை.

அடுத்த ஞாயிறு எங்களுக்குக் காவல்காரன் வாய்த்தான். எடுத்த எடுப்பில் நான் பிடிபட்டேன். சின்னவள் கத்தினாள், “கிணத்துல ஒருத்தர்! அக்கா உள்ள!” நான் உடனே, “யாரும் வராதீங்க, காவல்காரன் இங்கதான் நிக்கிறான், விளக்கை ஏத்துங்க” என்றேன். இரண்டு விளக்குதான் பாக்கி. மாப்பிள்ளை வந்தார். பிடிபட்டார். தோற்றோம். கத்திரி தலையில் அடித்துக்கொண்டார்.

“தம்பி, வராதீங்கன்னு சொன்னேன்ல?”

“நீங்க உள்ள இருக்கும்போது விளக்கேத்த எனக்குக் கை வராதுக்கா” என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு வார்த்தையை எனக்காக யாரும் சொன்னதில்லை. எல்லோரும் போன பிறகு நோட்டை எடுத்து அவருடைய பக்கத்தைத் திறந்தேன். அந்த ஒரு சொல்லை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாப் பேய்க்கும் வழி தேடிய நான், கண்முன்னால் இருந்த வழியைக் கவனிக்கவில்லை.

எங்கள் ஆலையில் ஒத்திகைக்கு என்று ஒரு பொம்மை உண்டு. ஆள் உயரம், ஆள் எடை, நீலச் சட்டை, ஹெல்மெட். எப்போதும் மல்லாந்து கிடப்பதால் அதற்குச் சோம்பேறி என்று பெயர். புதன்கிழமை காலை பலகையில் எண்ணை மாற்றிவிட்டு, கயிறும் கப்பியும் வைத்துச் சோம்பேறியை, எண்ணெய் காலியாகி நைட்ரஜன் மட்டும் நிரம்பியிருந்த மூன்றாம் தொட்டிக்குள் முகம் கவிழ்ந்த மாதிரி இறக்கி மூடினேன். இடுப்பு இன்னும் வலிக்கிறது. பக்கத்துத் தொட்டியைக் கழுவப் போயிருந்த பாய்லர்காரரும் அவருடைய ஆளும் டீ குடிக்கக் கீழே இறங்குவது பத்து இருபதுக்கு. மாப்பிள்ளை டீ குடிக்க மாட்டார், வால்வு பக்கத்திலேயே உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பார். அந்த நேரம் பார்த்துத் தொட்டியின் மூடியை மறுபடி திறந்து வைத்தேன்.

இங்கே ஒன்றை நீங்கள் விடாமல் எழுத வேண்டும். மாப்பிள்ளை உட்கார்ந்திருந்த இடத்துக்கும் தொட்டிக்கும் நடுவில் முகமூடியும் சிலிண்டரும் நாலு ஜோடி மாட்டியிருக்கிறது. அன்று காலை நானே ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தேன். நாலும் முழுசாக நிரம்பியிருந்தன. பட்டைகூடப் புதிது. எதிலும் நான் கை வைக்கவில்லை. எடுத்து மாட்ட நாற்பது விநாடி. அதைச் செய்திருந்தால் அவர் இன்று விமானத்தில் இருந்திருப்பார், நானும் அதோடு விட்டிருப்பேன். இதைவிட நியாயமாக ஒருவரால் நடந்துகொள்ள முடியாது.

தொட்டிக்கு மேலே இருக்கும் இரும்பு மேடையில் நின்று கத்தினேன். “தம்பி! மூணாம் தொட்டி! கிணத்துல ஒருத்தர்!”

செய்தித்தாள் காற்றில் பறந்தது. முகமூடிகளைத் தாண்டித்தான் ஓடி வந்தார், அந்தப் பக்கம் தலைகூடத் திரும்பவில்லை. ஆலையில் வேறு யாராவது அப்படிக் கத்தியிருந்தால் ஒருவேளை வகுப்பு ஞாபகம் வந்திருக்கும். அந்த வாக்கியத்துக்கு அவருடைய கால்கள்தான் பதில் சொல்லிப் பழகியிருந்தன.

“யாருக்கா?”

“தெரியல தம்பி, நீலச்சட்டை.”

“நீங்க கிட்ட வராதீங்க. நான் பாத்துக்கறேன்.”

இறங்கினார். கடைசிப் படியில் இருந்து குதித்தார். சோம்பேறியின் தோளைப் பிடித்துத் திருப்பினார். திருப்பியதும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. நான் ஒத்திகை நடத்துகிறேன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது, சிரித்தார்.

“அக்கா, நம்ம சோம்பேறிக்கா இது” என்றார்.

பிறகு களைத்த மனிதர் மாதிரி அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு சாய்ந்தார்.

நான் நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். போதும் என்று தெரிந்ததும் அபாய மணியை அடித்தேன். பாய்லர்காரரும் அவருடைய ஆளும் பதறி ஓடி வந்து அப்படியே இறங்கப் பார்த்தார்கள். இரண்டு பேர் சட்டையையும் பிடித்து இழுத்து, வேண்டாம், வேண்டாம் என்று நிறுத்தியது நான். அன்று அந்த இரண்டு உயிர் தப்பியது என்னால்தான், யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முகமூடி மாட்டிக்கொண்டு நானே இறங்கி மாப்பிள்ளையைத் தூக்கி வந்தேன். ஒத்திகைக்கு இறக்கிய பொம்மையை எடுக்கும் முன்னால் தவறாகப் புரிந்துகொண்டு இறங்கிவிட்டார் என்று அறிக்கை எழுதினேன். மேனேஜர் அதில் ஒரு கமாவைக்கூட மாற்றவில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி, பலகையில் நாலு எண்ணையும் கழற்றிவிட்டுப் பூஜ்யத்தை மாட்டினேன். மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு நாள் என்றால் சும்மாவா.

எல்லாம் அடங்கியிருக்கும். பாய்லர்காரர் துக்கம் கேட்க வந்தார். நல்ல மனிதர், வாய் மட்டும் நிற்காது. சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்து, “உங்க அக்கா அன்னைக்குப் பட்ட பாடு கொஞ்சமாம்மா? பதட்டத்துல என்ன கத்தறோம்னே தெரியல. கிணறு கிணறுன்னு கத்துச்சு, கீழ எங்களுக்குக் கேட்டும் ஒண்ணும் புரியல. எங்க ஆலையில ஏதும்மா கிணறு?” என்றார்.

சின்னவள் அதுவரை தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். ஆட்டத்தில் வரும் பொம்மைப் பேயைப் பார்க்கிற மாதிரி கண்ணை எடுக்காமல் பார்த்தாள். அப்படியே பின்பக்கமாக நகர்ந்து, சுவரைத் தடவித் தடவிப் படிக்கட்டு வரை போய், மாடிக்கு ஏறிக் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். மறுநாள் நீங்கள் வந்தீர்கள். உங்களிடம் அவள்தான் சொன்னாள் என்று எனக்குத் தெரியும், அந்த வாக்கியத்துக்கு அர்த்தம் தெரிந்தவர்கள் இப்போது மூன்று பேர்தானே. கோபம் இல்லை, மேடம். பயந்துவிட்டாள், குழந்தை. பயந்தால் அவள் என்ன செய்வாள் என்று நோட்டிலேயே எழுதியிருக்கிறேன்.

ஆமாம், நான்தான் செய்தேன். தெரிந்தே, திட்டம் போட்டே செய்தேன். கையெழுத்தை எங்கே போட வேண்டும் என்று சொல்லுங்கள், போடுகிறேன்.

ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். நாளைக்கு ஞாயிறு. மூன்று மணி வாக்கில் சின்னவள் என்னைப் பார்க்க வருவாள், வாசலில் நிற்கவைக்காமல் உள்ளே அனுப்பிவிடுங்கள். பத்து நாளாக வரவில்லைதான், நீங்கள் சொல்வது சரி. அவளுக்கு நான் சொல்லியனுப்பியும் பதில் இல்லை. ஆனால் எங்கள் குழுவில் யாரும் யாரையும் உள்ளே விட்டுவிட்டுப் போனதில்லை. அவள் அலமாரியை விட்டு வெளியே வரத்தான் கொஞ்சம் நேரமாகும். மாப்பிள்ளை இருந்திருந்தால் இதற்குள் வந்திருப்பார்.